ஆளில்லாத கோலும் அண்ணியின் தறியும்

எங்கள் வீட்டில் கால்பந்து பார்க்க வருகிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் காலைக் கழுவ வேண்டும். ஆட்டம் ஓடுவது தறிக்கூடத்தில். அங்கே இரண்டு குழித்தறிகள் இருக்கின்றன. தறிக்கூடத்துக்குச் சொந்தக்காரி என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். வீட்டிலேயே நீளமான அறை அதுதான் என்பதால், அண்ணியின் மகன் ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிய பெரிய டிவியை அதன் எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டான். அன்றிலிருந்து எங்கள் தெருவின் ஸ்டேடியம் அதுதான்.

பாயில் உட்காருகிறவர்கள் பாயில் உட்காருவார்கள். நேரத்தோடு வந்தவர்களுக்குத் தறிக்குழி. குழியில் காலைத் தொங்கப் போட்டுப் பலகையில் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது, முன்னால் இருக்கிறவன் தலையும் மறைக்காது. நெய்கிற சேலை மேல் அண்ணி பழைய வேட்டியைப் போட்டு மூடிவிடுவார். "கையை மேல வெக்காதீங்க, டீயைக் கீழ வெக்காதீங்க" என்பது மட்டும்தான் கட்டளை. காலைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

இந்திய அணியின் ரசிகையாக இருப்பதற்கு ஒரு தனி நெஞ்சுரம் வேண்டும். கிரிக்கெட் ரசிகர்களுக்கு எப்போதாவதுதான் அழுகை வரும். எங்களுக்கு அது மாத பூஜை. நான் ப்ளவுஸ் தைக்கிறவள். ஆட்டம் இருக்கும் மாலையில் மெஷினை மூடிவிட்டு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார், அன்றைக்கு மட்டும் ஷிப்ட் மாற்றிக்கொள்வார். செவிலிமேட்டிலிருந்து பி.டி. வாத்தியார் ஒருவர் டவுன் பஸ் ஏறி வருவார். ரிடையர் ஆகியும் கழுத்தில் விசில் தொங்கும். எதிர்வீட்டு பாய் பிரியாணிக் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வருவார். இத்தனை தோல்விக்குப் பிறகும் இவர்கள் ஒவ்வொரு முறையும் முகம் கழுவி, தலை வாரி, ஜெயிக்கப்போகிறவர்கள் மாதிரி வந்து உட்காருவதைப் பார்த்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

நான் சொல்ல வந்தது போன வருஷத்துத் தோல்வி ஒன்றைப் பற்றி. அக்கம்பக்கத்து நாடு ஒன்றோடு ஆட்டம். ரேங்க்கில் நமக்கு எவ்வளவோ கீழே இருக்கிறவர்கள். ஜெயித்தால் அடுத்த சுற்று. ஆட்டம் முடியப் போகிற நேரம், இரண்டு பக்கமும் கோல் இல்லை. நம் முன்கள ஆட்டக்காரன் ஒருவன், பல ஆட்டமாகக் கோலே போடாதவன், கோல்கீப்பரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்விட்டான். எதிரே வலை மட்டும்தான். கூடத்தில் மூச்சுச் சத்தம் கூட இல்லை. அண்ணியின் தறிக்குழியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தன்னை மறந்து, அவனுக்குப் பதிலாகத் தானே ஓங்கி ஓர் உதை விட்டார். குழிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவன் உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. அடுத்த நிமிடத்தில் அவர்கள் ஒன்று போட்டார்கள். அதோடு ரெப்ரி விசில் ஊதிவிட்டான்.

பாய்தான் முதலில் வாய் திறந்தார். "நைனா, நீ குழிக்குள்ள வுட்ட உதைய அவன் அங்க வுட்டிருந்தா கோலு."

என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன இன்னாத்துக்குபா எறக்குறாரு அந்தக் கோச்சு? சொல்லுங்க. போன ஆட்டத்துல கோட்ட வுட்டான். அதுக்கு முன்ன ஆட்டத்துலயும் கோட்ட வுட்டான். மறுபடி அவனே. ஒரு தடவ சொதப்பினவன எழுப்பி வெளிய உக்கார வெக்க வேணாமா? கோச்சுன்னா அது கூடத் தெரியாதா?"

"கேம்ப்புக்கு எவ்ளோ நாள் குடுத்தாங்கன்னு பாருங்க" என்றார் வாத்தியார். "கிளப்புல இருந்து பசங்கள வுடவே மாட்டன்றாங்க. ரெண்டு பாஸ் சேர்ந்து பழகுறதுக்குள்ள ஆட்டம் வந்துடுது. அந்த மனுசன் இன்னா பண்ணுவாரு?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"சார், லெப்டுல ஓடிக்கினு இருந்த பையனப் போயி வெளிய இழுத்தாரே, அது இன்னா கணக்கு? அங்கதான சார் பேஜாரு ஆச்சு" என்றார் பாய். அவர் கோச்சுக்கும் எதிரி, என் வீட்டுக்காரருக்கும் எதிரி. வாதம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு மறுபக்கம் போய் நிற்பது அவர் வழக்கம்.

நானும் சும்மா இருக்கவில்லை. பின்களத்தில் ஒருவனைக் குறைத்ததுதான் தப்பு என்று என் கட்சியை வைத்தேன். வாத்தியார் தரையில் பிஸ்கெட்டுகளை அடுக்கிவைத்து யார் எங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டினார். நம் கோல்கீப்பரைப் பாய் பேச்சுவாக்கில் தின்றுவிட்டார். டிவியில் கோச் வந்து உட்கார்ந்து, பொறுப்பு முழுவதும் என்னுடையது, பையனை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று பேசினார். அடுத்த ஆட்டத்திலும் அவனை இறக்குவீர்களா என்று யாரோ கேட்டார்கள். இறக்குவேன் என்றார்.

என் வீட்டுக்காரர் தொடையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா! பாத்தியா! இந்தாளத் தொலைச்சுக் கட்டினாத்தான் நாடு உருப்படும். தப்பு பண்ணவன தூக்கி வெளிய போடணும். அதுதான் டிசிப்ளின்."

அண்ணி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஆட்டம் பார்க்கும் விதமே அப்படி. சுவரோரமாக உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டே பார்ப்பார். கோல் விழுந்தால் மட்டும் கை நிற்கும். "சரி, எழுந்திருங்கபா, நான் பாவ கொஞ்சம் பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டே தறியில் கிடந்த வேட்டியைத் தூக்கினார்.

இடது கரையில் இழைகள் அறுந்து கொத்தாகச் சுருண்டு கிடந்தன.

பாவு என்றால் சேலையின் நீளவாட்டில் ஓடுகிற இழைகள். அவை இறுக்கிக் கட்டியிருக்கும்போது குழிக்குள் காலால் அழுத்துகிற மிதிகளைக் கன்னாபின்னாவென்று உதைத்தால், மேலே போகிறதும் கீழே போகிறதும் ஒன்றோடொன்று இழுபட்டு அறுந்துபோகும். 'டக்' என்று கேட்டது அதுதான். அவ்வளவு நேரம் கோச்சைக் கிழி கிழி என்று கிழித்துக்கொண்டிருந்த மனிதர், தான் அறுத்ததன் மேலேயே உட்கார்ந்துகொண்டுதான் கிழித்திருக்கிறார்.

அவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. வாத்தியார் பிஸ்கெட்டுகளை மெல்லப் பொறுக்கி எடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சபையாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்தச் சேலை சாதாரணச் சேலை இல்லை. அண்ணி இத்தனை வருஷம் நெய்ததெல்லாம் கடை முதலாளிகளுக்கு. யார் நெய்தது என்று கட்டுகிறவளுக்குத் தெரியாது. இது முசரவாக்கத்தில் ஒரு பெண், காலேஜில் கால்பந்து ஆடுகிறவள், நேரே வீட்டுக்கு வந்து, "அக்கா, என் முகூர்த்தப் புடவைய நீங்கதான் நெய்யணும்" என்று சொல்லிவிட்டுப் போனது. அண்ணியின் பெயரில் வந்த முதல் வேலை. அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. முகூர்த்தத்துக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. சேலை பாதிதான் ஏறியிருந்தது. இதில் சொதப்பினால் இரண்டாவது பெண் இந்த வாசலுக்கு வரமாட்டாள்.

அண்ணி குனிந்து அறுந்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தார். "நான்தான உன்ன இந்தக் குழியில உக்கார வெச்சேன்" என்றார் தம்பியைப் பார்த்து. "காலைத் தள்ளி வெச்சுக்கோன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. என் தப்புதான். போயி சாப்புடு."

இதைத்தானே சற்று முன் டிவியில் ஒருவர் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது. அவருக்காவது சம்பளம் வருகிறது.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணே போன் செய்தாள். முந்தின நாள் தோற்றதைப் பற்றிப் புலம்பத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னார். இழையை மறுபடி முடிந்து நெய்யலாம், ஆனால் முடிச்சு சரியாக விழாவிட்டால் கரையில் தெரியும், அப்படித் தெரிந்தால் இந்தச் சேலையைத் தரமாட்டேன், நீ வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்ள இப்போதே சொல்லிவிடுகிறேன் என்றார்.

"அந்த ஓப்பன் கோலுக்கா உதைச்சாரு?" என்று கேட்டு அவள் சிரித்தாள். "எனக்கு வேற புடவை வேணாம்கா. முகூர்த்தத்துக்கு வந்துடுமில்ல?"

"வரும்" என்றார் அண்ணி.

அண்ணி சொன்னால் சொன்னதுதான். ஆனால் அன்று அவர் அடுத்துச் செய்த காரியம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தறிக்குழியின் பலகையைத் துடைத்து, முடிச்சு வழுக்காமலிருக்க விரலில் தொட்டுக்கொள்கிற சாம்பல் கிண்ணத்தை எடுத்துவைத்து, "தம்பியக் கூப்புடுமா" என்றார்.

"எதுக்கு அண்ணி?"

"அறுத்த கைதான் முடியணும். எங்க வூட்டு வழக்கம்."

இந்த வழக்கம் எனக்குத் தெரியும். அண்ணியின் மகன் சின்ன வயதில் இழை அறுத்தபோது அவனையே முடியவைத்து நான் பார்த்திருக்கிறேன். அது சும்மா ஓர் இழை, இரண்டு இழை. இது ஒரு கொத்து. அதுவும் முகூர்த்தச் சேலையின் கரை. என் வீட்டுக்காரரோ ஸ்டீரிங் பிடிக்கிற மனிதர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தறியில் நெய்து நான் பார்த்ததில்லை. ஆட்டம் பார்க்கத்தான் குழியில் உட்காருவார்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. அவருக்குத் தறி வேலை புடிக்கலன்னுதான டிரைவர் வேலைக்குப் போனாரு? சட்டைப் பட்டனுக்கு ஊசி கோக்கவே என்னைத்தான் கூப்புடுவாரு. அவருகிட்டப் போயி..."

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புடிக்கலன்னு சொன்னானா உன்கிட்ட?"

ஆமாம் என்றேன்.

"அவன் வுடலமா. எங்கப்பா எழுப்பிட்டாரு."

பதினெட்டு வயதில் தம்பி முதன்முதலாகத் தனியாக ஒரு சேலை ஏற்றினானாம். முந்தானை வரைக்கும் நன்றாகத்தான் வந்திருக்கிறது. முந்தானையில் கை தவறி, நாடாவின் முனை பட்டு இழைகள் அறுந்துபோயின. நாடா என்றால் ஊடை நூலைச் சுமந்துகொண்டு குறுக்கே ஓடுகிற கட்டை. அப்பா வந்து பார்த்தார். முடிந்துவிடுகிறேன் என்று பையன் கெஞ்சியிருக்கிறான். அப்பா அவன் கையிலிருந்து நாடாவைப் பிடுங்கிக்கொண்டு, எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொன்னாராம். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் செத்துப்போகிற வரைக்கும் மகனைத் தறியில் உட்கார விடவில்லை.

"நல்லா நெய்வான்" என்றார் அண்ணி. "என்னவிடக் கை சுத்தம். நேத்து டிவி முன்னாடி உக்காந்துக்கினு அவன் பேசுறான், எழுப்பு, வெளிய போடுன்னு. எனக்கு எங்கப்பாவே வந்து பேசுற மாதிரி இருந்துச்சு."

கோல் தவறவிட்ட எவனைக் கண்டாலும் அந்த மனிதருக்கு ஏன் அப்படி ரத்தம் கொதிக்கும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். பிள்ளைகளிடமும் அப்படித்தான் சொல்வேன். போய்க் கூப்பிட்டேன்.

அவர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "வேணாம்கா. முடிச்சு போடுறவங்க யாரையாச்சும் வெச்சு பண்ணிக்கோ. கெட்டுடும்" என்றார்.

"காலைக் கழுவிக்கினு வா" என்றார் அண்ணி.

வந்து உட்கார்ந்தார். தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதே குழி. முந்தின நாள் மாலை கால்மேல் கால் போட்டு உட்காராத குறையாக நாட்டாமை பேசிய இடம். கொஞ்ச நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு சாம்பலைத் தொட்டு, அறுந்த முதல் இழையின் நுனியை எடுத்து, அதே மஞ்சளில் ஒரு துண்டு நூலை அதோடு சேர்த்து முறுக்கினார். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. இரண்டாவது தடவையும் அவிழ்ந்தது. அண்ணி சுவரோரமாகத் திரும்பி உட்கார்ந்து நூல் சுற்ற ஆரம்பித்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தால் தம்பிக்குக் கை நடுங்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நானாக இருந்தால் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நாலு யோசனை சொல்லியிருப்பேன்.

மூன்றாவது நின்றது.

அதற்குப் பிறகு கை தானாகப் போயிற்று. முடிந்த இழையை, பாவை ஏற்றி இறக்குகிற விழுதின் கண் வழியே இழுத்து, பண்ணை என்கிற சீப்பின் பல்லுக்குள் கோத்து, நெய்த சேலையோடு சேர்த்துக் குத்திவைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பஸ் ஓட்டிக் காய்ப்பு ஏறிய அந்த விரல்கள் பட்டை அப்படித் தொடும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. இத்தனை காலம் இதை என்னிடமிருந்து மறைத்தாரே என்று கோபமாகவும் இருந்தது.

மத்தியானத்துக்கு மேல் பாயும் வாத்தியாரும் எட்டிப் பார்த்தார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரிதான் வந்தார்கள். தறியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்ததும் பாய்க்கு வாய் நிற்கவில்லை.

"இன்னா நைனா, உன் டிசிப்ளின் எங்க போச்சு? சொதப்பினவன வெளிய போடணும்னியே? இங்க அதே ஆளு அதே எடத்துல ஆடிக்கினு இருக்கான்?"

"பேசாதீங்க பாய், இழை போயிடும்."

"அப்ப கோச்சு இருக்கலாமா, போவணுமா? அத மட்டும் சொல்லிடு. நான் கடைக்குப் போவணும்."

என் வீட்டுக்காரர் ஓர் இழையைப் பல்லுக்குள் கோத்து முடித்தார். அப்புறம் தலை நிமிராமல் சொன்னார். "கோச்ச மாத்துங்க. லெப்டுல ஓடின பையன வெளிய இழுத்தது தப்பு, அதுல மாத்தமே இல்ல. ஆனா கோலு வுட்ட பையன மட்டும் எறக்கச் சொல்லுங்க."

"அவன எறக்குறேன்னு சொன்னதே அந்தக் கோச்சுதானபா!" என்று வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணி நூல் சுற்றுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கடைசி இழை முடிந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குழியிலிருந்து எழப் பார்த்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சேலை சொன்ன நாளுக்கு முன்பாகவே முசரவாக்கம் போய்ச் சேர்ந்தது. கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். மணமேடையில் அந்தப் பெண் நின்றபோது இடது கரையைக் கண்ணால் துழாவித் துழாவிப் பார்த்தேன், துணியோடு பழகுகிறவள் நான், எனக்கே எந்த இடம் என்று தெரியவில்லை. அவளுடைய தோழிகள் இரண்டு பேர் பிறகு அண்ணியைத் தேடி வந்தார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் அது எதுவும் எங்களுக்குத் தெரியாது. முடிச்சுகள் தாங்குமா, மிதித்ததும் மறுபடி அறுந்துபோகுமா என்று தெரியாது. எல்லாவற்றையும் அண்ணி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார், நாலைந்தையாவது அவிழ்த்துவிட்டுத் தானே போடுவார் என்று நினைத்தேன். நெய்கிறவர்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் அண்ணி நூலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். கரையின் நிறத்துக்கென்று தனியாக இருக்கிற நாடாவை ஓட்டும் துணை ஆள் உட்காரும் இடத்தில், தம்பிக்கு இடப்பக்கமாக, போய் உட்கார்ந்துகொண்டார்.

"எங்க எழுந்திருக்குற?" என்றார்.

"முடிச்சுப் பாக்க வேணாமாக்கா?"

"நீதான போட்ட. நான் எதுக்குப் பாக்கணும்?" உடலுக்கு ஓட்டுகிற அரக்கு நாடாவை எடுத்துத் தம்பியின் கையில் கொடுத்தார். "உக்காரு. மிதி."

அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தார். பிறகு மிதித்தார்.